ஆசிட் பாட்டில் இருந்த இடம்

செவ்வாய், இரவு

கடலைக் காட்டிலிருந்து தாகத்தோடு வந்த மாமனார், சமையற்கட்டு ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டார். எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு, கக்கூஸ் கழுவ நான் வடிகட்டி வைத்திருந்த தண்ணீர் அது.

"ஏத்தா, பானகம் புளிச்சுப்போச்சே?" என்றார்.

"ஐயோ மாமா, துப்புங்க! அது கக்கூஸ் கழுவுறது!"

வாய் கொப்பளிக்க வைத்தேன். ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். வயிற்றை வலித்தால் உடனே கூட்டி வரச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. "வெல்லம் இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்ல?" என்று கேலி செய்துகொண்டே தோசை சாப்பிட்டார்.

போன மாதம் வரை அதே ஜன்னலில், அதே மாதிரி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்தான் ஆசிட் இருந்தது. சில்லறையாக வாங்கினால் அப்படித்தான் ஊற்றித் தருவார்கள். அந்த நெடியில் என் பாப்பாவுக்கு மூச்சு இளைக்கிறதே என்றுதான் அதை நிறுத்தினேன். மாமாவை நான் நினைக்கவே இல்லை. முருகா, நீ நினைத்திருக்கிறாய்.

பாட்டிலை எட்டாத பரணுக்கு ஏற்றிவிட்டேன். கூடத்தில் மாமா குறட்டை விடுகிறார். தினமும் அந்தச் சத்தத்துக்காகவே கதவைச் சாத்திக்கொள்வேன். இன்று திறந்தே வைத்திருக்கிறேன்.