தேரிக்காட்டுக்கு இரண்டு பேர்

கார்த்திகை 3, செவ்வாய். செமோர், மலாயா.

காலையிலிருந்தே மழை. ஈரமான ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது என்பதால் தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் வீட்டிலேயே இருந்தார்கள்.

என் மனைவி வள்ளியைப் புதைத்து நான்கு நாளாகிறது. தை பிறந்ததும் நாங்கள் இருவரும் பினாங்கில் கப்பலேறி, திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டைப் பார்க்கப் போவதாக இருந்தோம். அவள் இருமலுக்கு ஈரமில்லாத காற்று நல்லது என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லியிருந்தார். அந்த இடத்தைப் பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டு மாடசாமி அண்ணன்.

"செக்கச்செவேல்னு மணலுலா தம்பி. காத்தடிச்சா மேடே எடம் மாறிப் போவும். ஒருத்தரும் பாக்கப் போறதில்ல."

பதினைந்து வருஷமாக மரத்தில் பால் வெட்டியவளுக்கு வேறு கவலை. "மழையே பெய்யாதா? அப்போ ஒரு நாளாச்சும் வேலைக்குப் போவாம வீட்ல இருக்க முடியாதா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இன்று மாடசாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார். "கப்பலுக்கு ரெண்டு பேருன்னு சொல்லி வெச்சிருக்கேன் தம்பி. என்ன செய்யட்டும்?"

எரிச்சல் வந்தது. கதவைச் சாத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? அன்றைக்குக் குழியில் இறங்கி நின்றவரும் அவர்தான். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. வள்ளியின் பால்வாளியாலேயே இறைத்துப் பார்த்தோம், வற்றவில்லை. அந்த ஈரத்தில்தான் அவளை இறக்கினோம்.

இன்னும் மழை விடவில்லை. நாளைக்கும் வெட்டு இருக்காது. வீட்டில் இருந்திருப்பாள்.