யூசுப்பின் எஞ்சினை விற்றுவிட்டேன்

என் அருமை தோஸ்த் யூசுப்,

உன் எஞ்சினை விற்றுவிட்டேன். கோபப்படாதே, முழுசாகக் கேள். விற்றதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆம்பூரில் நீ ஷூ கம்பெனியில் கட்டிங், நான் பக்கத்து டேனரியில் தோல் அளக்கிறவன். மெட்ராஸ் பர்மா பஜாரில் அந்தக் குட்டி ரயிலைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் பைத்தியம் பிடித்துத் திரும்பினோம். பொம்மை என்று யாராவது சொன்னால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருத்தன் சம்பளத்தில் முழுசாக வாங்க முடியாது. அதனால் எஞ்சின் உனக்கு, தண்டவாளமும் அதற்குக் கரண்ட் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரும் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். ஒருத்தன் வராமல் இன்னொருத்தன் ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமையானால் நீ எஞ்சினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் மாடி அறைக்கு வந்துவிடுவாய்.

அப்புறம் விலை ஏற ஆரம்பித்தது. ஒரு முழம் தண்டவாளத்தின் விலையில் என் வீட்டில் ஒரு வாரம் அடுப்பெரியும். பெட்டிகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. கடைக்காரர் அசையவே இல்லை. "கப்பல்ல வர்றதே கம்மி சார். இஷ்டமிருந்தா எடுங்க" என்றார். வெளியே வந்து நீ, "இன்னாடா இது, நெஜ ரயில்ல டெல்லிக்கே போய்ட்டு வந்துடலாம் போல" என்றாய்.

அந்தக் கோபத்தில்தான் கழித்துப்போட்ட ஷூத்தோலில் நீயே நாலு பெட்டி செய்தாய். கோடையில் ஜோராக ஓடின. ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பி, நான் அட்டையில் செய்த குகைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. தோலிலேயே பிழைக்கிற இரண்டு பேருக்கும் அது முன்னாடியே தோன்றவில்லை பார். நாம் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறிவந்து எட்டிப்பார்த்தார்.

நீ கண்ணை மூடி நாலாவது மாசம் உன் மனைவி ஜமீலா எஞ்சினைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். "அண்ணா, நஸ்ரீனுக்கு வேலூர்ல டீச்சர் டிரெய்னிங் சீட் கெடைச்சிருக்கு. இத யாராவது எடுத்துப்பாங்களா? நீங்கதான் பாக்கணும்" என்றாள்.

மெட்ராஸில் ஒருவர் அதை ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் சொல்லவில்லை, யூசுப். "அவசரப்படாதம்மா. வெல ஏறிக்கிட்டே போவுது. பொறுத்தா ஜாஸ்தி வரும்" என்றேன். இத்தனை வருஷம் நம்மை அழவைத்த விலைவாசியையே சாக்காக்கிக்கொண்டேன். எஞ்சினும் போய்விட்டால் நீ முழுசாகப் போய்விடுவாய் என்று பயம். மூன்று வாரம் அதைத் தனியாக ஓட்டினேன். நல்லாவே இல்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை.

கடைசியில் உன் பெண் நஸ்ரீனே வந்தாள். "மாமா, வெல ஏறுனா ஏறட்டும். வெள்ளிக்கெழமைக்குள்ள பணம் கட்டலன்னா சீட்டு போய்டும்" என்றாள். குரலில் கோபம் கூட இல்லை. மறுநாளே மெட்ராஸ் பஸ் ஏறினேன்.

நஸ்ரீன் சேர்ந்துவிட்டாள். ஆனால் நான் இழுத்தடித்ததில் விடுதி நிரம்பிவிட்டது. இருட்டோடு எழுந்து காட்பாடிக்கு பாசஞ்சர், அங்கிருந்து பஸ் என்று தினமும் அலைகிறாள். குழந்தை இளைத்துவிட்டாள். ஜமீலா அதை நசீப், தலையெழுத்து என்கிறாள்.

இன்னொன்று கேள். அந்த மூன்று வாரத்தில் விலை நிஜமாகவே ஏறியிருந்தது. மெட்ராஸ்காரர் கூடுதலாகவே கொடுத்தார். "தனபால் அண்ணா பொறுத்திருந்து நல்ல வெல வாங்கிக் குடுத்தாரு" என்று ஜமீலா தெருவெல்லாம் சொல்கிறாள். பெருநாளைக்கு எனக்கென்று தனியாகப் பிரியாணி கொடுத்தனுப்பினாள். அதை அப்படியே கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? திட்டியிருப்பாயா, சிரித்திருப்பாயா? திட்டினால் தேவலை என்றிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போகிறேன். விலைக்காகப் பொறுக்கவில்லை, உன்னை விட மனசில்லாமல்தான் பிடித்துவைத்தேன், அதில்தான் பெண்ணின் விடுதி போனது என்று ஜமீலாவிடமும் நஸ்ரீனிடமும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

ஞாயிறு வரைக்குமாவது நஸ்ரீனுக்கு மாமாவாக இருக்கிற,
தனபால்