மழைப்படமும் உன் படகும்

அன்பு மகன் எவாரிஸ்துக்கு அப்பா எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் உன் அம்மாவும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், வேலைக்குப் போன அந்தக் குளிர்த் தீவில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றேன், என் கையால் எழுதும் முதல் கடிதம் இது, மூன்று நாளாக எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள், பிறகு உட்கார்ந்து படி. உன் படகு போய்விட்டது.

பாரிசிலிருந்து லெஸ்காலியே என்று ஓர் ஓவியர் வந்து ஆப்பிள் சாராயக் கடை மாடியில் தங்கியிருக்கிறார். மழை வந்தால் ஊரே உள்ளே ஓடும், இவர் கடற்பாறைக்கு ஓடுவார். தூறலுக்கு ஒரு படம், சாரலுக்கு ஒன்று, கொட்டும் மழைக்கு ஒன்று என்று ஆறு ஓவியக் கித்தான்களை நான் சுமந்து போய், வானம் மாற மாற எடுத்து நீட்டுவேன். மழைக்கு என்ன நிறம் என்று கேட்டேன். மழைக்கு ஏது பெரியவரே நிறம், அது மத்ததையெல்லாம் என்ன பாடு படுத்துதோ அதைத்தான் போடுறேன் என்றார். போன செவ்வாய்க்கிழமை மேற்குக் காற்றில் மழை சரளைக்கல் போல முகத்தில் அறைந்தது. அவரோ தூரிகையைச் சாய்த்துச் சாட்டை போல வீசினார், ஒவ்வோர் அடியும் ஒரு மழைக்கோடு. படம் நிறுத்தும் முக்காலியைப் பாறையோடு கட்டியவன் நான். ஐம்பது வருஷம் கரையில் படகைக் கட்டிய கை, அதே பழக்கத்தில் அலை ஏறி இறங்க இடம்விட்டுக் கயிற்றைத் தளர்த்திக் கட்டிவிட்டது. காற்று முக்காலியைத் தூக்கிச் சுழற்றி அவர் நெற்றியில் இறக்கியது. எலும்பு தெரியப் பிளந்து, ரத்தமும் மழையும் கண்ணை மறைக்க, மனிதர் அலைக்குள் விழுந்தார். அலை அவரைப் பாறையில் மோதியது, இழுத்துப் போய் மறுபடியும் மோதியது. அவரை எட்டும் நீளத்துக்கு அங்கே இருந்தது, பாறையடியில் உன் படகைப் பிடித்திருந்த கயிறு ஒன்றுதான். வெட்டி வீசினேன். அவரை இழுத்துக் கரை சேர்க்கும்போது பின்னால் உன் படகு நொறுங்கும் சத்தம் கேட்டது, நான் திரும்பவில்லை.

அவருக்கு நெற்றியில் பதினோரு தையல், ஒரு கை முறிவு. கண் திறந்ததும், அடுத்த தடவை முக்காலியை இறுக்கிக் கட்டுங்க பெரியவரே, வேணும்னா என்னைத் தளர்த்திக் கட்டுங்க என்றார். அன்று மழையில் உன் படகை வைத்து அவர் வரைந்து, கரையில் ஒதுங்கிய அந்தப் படத்தை, மணல் ஒட்டியபடியே உனக்கென்று கொடுத்திருக்கிறார். உன் அம்மா பார்த்துவிட்டு, முடிக்காத படத்தைக் குடுத்து ஏமாத்திட்டான்யா, ரெண்டு கரிக்கோடு இருக்கு, படகு எங்கே என்றாள். நாலடி பின்னால் போய்ப் பார் என்றேன். போனாள், அடுப்பில் இடித்துக்கொண்டாள், என்னைத் திட்டினாள், பிறகு அங்கேயே நின்று, அட, நம்ம பையன் படகுய்யா என்றாள்.

ஆனால் படத்தில் ஏறி நீ மீன் பிடிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். தப்பு என் முடிச்சில்தான். உனக்குக் கோபம் வரும், வரட்டும். இதுவரை உன் கடிதங்களைப் பாதிரியார் படித்துச் சொல்வார், நீ என்னைத் திட்டிய இடம் வந்தால் இருமிவிட்டுத் தாண்டிவிடுவார். இந்த முறை நானே படிப்பேன். ஒரு வார்த்தையும் குறைக்காதே. மாதா உன்னைக் காக்கட்டும், ஈரக் காலுறையோடு தூங்காதே. எழுத்தை மட்டும் பெரிதாக எழுது.

உன்னைப் பெற்றவன்,
பார்த்தெலெமி