மிளகு வந்துபோன வாரம்

மே 12, திங்கள்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் பெண் பத்திரமாக வந்து சேர்ந்தாள். வேனை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மாடிக்கு ஓடியவள்தான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் முகத்தையே பார்த்தேன். ஏழு வயதுக்கு வளர்த்தி கொஞ்சம் குறைவு. வாய்க்குக் குறைவில்லை. மிளகு என்று நான் வைத்த பெயர் இன்னும் பொருந்தித்தான் வருகிறது.

போனில் பேசலாமே என்று நீ நினைப்பாய். போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் எப்போதும் பத்துப் பேர். நீ அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் மூன்று பேர் மருந்து சொல்வார்கள். சின்ன நாத்தனார் வீட்டுக்காரர் பார்சல் வேனை ஓட்டிக்கொண்டு தினமும் உன் ஊருக்கு வந்துதானே திரும்புகிறார். காலையில் என் கடிதத்தை உன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுப்பார், சாயங்காலம் உன் பதிலை வாங்கி வருவார். மனிதர் உறையைப் பிரிக்க மாட்டார். அவருக்குப் படிப்பதற்கே பொறுமை கிடையாது.

வீட்டு நிலவரம் இதுதான். நாங்கள் ஐந்து பேர், மாமனார், பெரிய கொழுந்தனும் டீச்சரும் அவர்கள் பிள்ளைகள் இரண்டும், பெரிய நாத்தனார் தன் இரண்டோடு, சின்ன நாத்தனார் வீட்டில் மூன்று, உன் மிளகு. ஆக மொத்தம் பதினேழு. குளியலறை ஒன்று. யார் எப்போது குளிப்பது என்று டீச்சர் அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அதன்படி நடப்பவள் அவள் ஒருத்திதான். நடு அறையில் ஃபேன் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் மருந்துக் கடையிலிருந்து வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பார்ப்பதோடு சரி. மொட்டை மாடியில் துணிக் கொடி பாரம் தாங்காமல் அறுந்து, துவைத்ததை எல்லாம் மறுபடி துவைத்தேன்.

மிளகு என் கடைசித் தடியனைக் கடித்துவிட்டாள். அவன் மேல்தான் தப்பு.

மாமனார் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அப்படியே அவன் காது" என்றார். உன் வீட்டுக்காரர் தவறிப்போன இந்த இரண்டரை வருடத்தில் மாமனார் தன் கடைசிப் பிள்ளையைப் பற்றி வாய்திறந்து நான் கேட்டது இதுதான்.

நீயும் கூட வந்திருக்கலாம். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

அக்கா

மே 13, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால்தான் ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கண் தெரியாமல் போகிறது. நேற்று மட்டும் அறுபது லென்ஸ் தேய்த்தேன். மெஷினில் உட்கார நான் ஒருத்திதான். லீவு கேட்டேன். முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் அப்படித் துடைத்தால் இல்லை என்று அர்த்தம்.

மிளகு குளித்துவிட்டேன் என்பாள், நம்பாதீர்கள். காதுக்குப் பின்னால் பாருங்கள். தூங்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். விரலைப் பிரித்தால் விழித்துவிடுவாள்.

இங்கே சமையலுக்கு அளவு தெரியவில்லை. இரண்டு பேருக்கு வைத்துவிட்டு மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன்.

அக்கா, உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். கடிதத்தில் வேண்டாம். சனிக்கிழமை அரை நாள் விடுப்பு தருவார்கள், மிளகை அழைத்துவர நானே வருகிறேன். அப்போது சொல்கிறேன். கெட்ட செய்தி இல்லை. நல்ல செய்தி என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

உங்கள் சின்னவள்

மே 14, புதன்

சின்னவளுக்கு,

நீ சனிக்கிழமை சொல்ல இருந்ததை உன் பெண் இன்று மத்தியானமே சொல்லிவிட்டாள்.

வழக்கமாகப் பிள்ளைகள் முதலில் சாப்பிடுவார்கள், பிறகு பெரியவர்கள். இன்று கரண்ட் இல்லை. ஜன்னல் காற்றுக்காக எல்லோரும் ஒன்றாக ஹாலில் உட்கார்ந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் அந்த ஃபேனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மிளகு தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க லிஃப்ட் மாமா வந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவார்" என்றாள்.

"அது யாருடி லிஃப்ட் மாமா?" என்றாள் பெரிய நாத்தனார்.

"அம்மா கடை இருக்கற கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர் பண்ற மாமா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவார். அவர் வந்தா அம்மா நல்லா சிரிப்பாங்க."

"ஓஹோ."

"ஜூலை மாசத்துலேர்ந்து எங்க கூடவே இருக்கப்போறார். அம்மா சொன்னாங்க. அவருக்கு முட்டை பிடிக்காது" என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டாள்.

மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். பிள்ளைகளை மாடிக்கு விரட்டிய பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். "அவன் போய் மூணு வருஷம்கூட ஆகலை" என்று பெரிய நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரிய கொழுந்தன், "அவ எங்க வேணா போகட்டும். நம்ம வீட்டுப் புள்ள எதுக்கு யாரோ ஒருத்தன் வீட்டுல வளரணும்?" என்றான். சாயங்காலம் டீச்சரின் பள்ளிக்கூடத்திலிருந்து சேர்க்கை ஃபாரம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் இடம் இருக்கிறதாம்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே அக்கா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. நானும் அவள் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அக்கா

மே 15, வியாழன்

அக்காவுக்கு,

நான்கு முறை உங்களுக்கு எழுதிக் கிழித்தேன். உங்களிடம் சொன்னால் நீங்கள் அத்தனை பேர் நடுவில் அதை மறைத்துக்கொண்டு நடமாட வேண்டும். நாளைக்குத் தெரியவரும்போது பழி உங்கள் தலையில் விழும். அதனால்தான் சொல்லவில்லை. அது இப்படிப் போய் முடிந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போன மழைக்காலத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும். நாற்பது நிமிடம் மேலே இருந்து குரல் கொடுத்துக்கொண்டே வேலை செய்தார். பயப்படாதீங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "இப்ப ஒரு சத்தம் வரும், அது நல்ல சத்தம்" என்றார். அதே மாதிரி வந்தது. வயது நாற்பது. அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்டவர். மிளகிடம் பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலப் பேசுவார். பதிவு அலுவலகத்தில் ஜூலையில் தேதி கேட்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தேடினேன். ஒரு வரி இல்லை. அந்த ஃபாரம் வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்களுக்கு மூன்றும் பையன்கள். மிளகு பிறந்த அன்று அவளைக் கையில் வாங்கிக்கொண்டு, "இவளை எனக்குக் குடுத்துடு" என்றீர்கள். அன்றைக்கு நான் சிரித்தேன். இன்று அது ஞாபகம் வருகிறது.

நாளை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சின்னவள்

மே 15, வியாழன், மாலை

சின்னவளுக்கு,

கொடியிலிருந்து துணி எடுக்கப் போகிற சாக்கில் மொட்டை மாடியில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். வீட்டில் தனியாக இருக்க இப்போது அந்த இடம் ஒன்றுதான்.

ஆமாம், நினைத்தேன். ஃபாரம் வந்ததும் அதைச் சமையலறைக்கு எடுத்துப்போய் அவள் பெயரைப் பென்சிலால் எழுதினேன். பிறந்த தேதி எழுதினேன். தாய் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே கை ஓடவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தேன். பொய் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நேற்று நான் ஒன்றும் பேசவில்லை. அதுவும் உண்மைதான். இந்த வீட்டில் பேசாமல் இருந்தே எனக்குப் பழகிவிட்டது.

நாளைக்கு நீ வராதே. வந்தால் நீ ஒரு பக்கம், மற்றவர்கள் எல்லாம் ஒரு பக்கம் என்று பஞ்சாயத்தாகிவிடும். பெரிய நாத்தனார் அழுவாள், கொழுந்தன் கத்துவான், நீயும் சும்மா இருக்க மாட்டாய். மிளகு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பாள். அவளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. மாடியில் எட்டுப் பிள்ளைகளுக்கும் தலைவியாகி, என் பெரியவனைக்கூடப் பல் தேய்க்கச் சொல்லி அதட்டுகிறாள்.

சனிக்கிழமை காலை வேனில் நானே அவளை ஏற்றி அனுப்புகிறேன். என் வீட்டுக்காரர், "நீ இதுல தலையிடாத" என்றார். சரி என்றேன். இத்தனை வருடமாகச் சரி என்று மட்டுமே சொன்னதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

அக்கா

மே 16, வெள்ளி

அக்காவுக்கு,

பஸ் நிலையம் வரைக்கும் போனேன். டிக்கெட் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பின்னால் நின்றவரை முன்னால் போகச் சொன்னேன். அப்புறம் இன்னொருவரை. பிறகு கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு லென்ஸைத் தப்பாகத் தேய்த்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறந்த அன்று நீங்கள் சொன்னதை இப்போது எழுதிக் காட்டியிருக்கக் கூடாது. ஆனால் எழுதியதைத் திருப்பி வாங்க முடியாதே.

நாளைக் காலை ஏழு மணியிலிருந்து வேன் நிற்கும் இடத்தில் நிற்பேன்.

சின்னவள்

மே 17, சனி, காலை

அன்புள்ள சின்னவளுக்கு,

இதை மிளகின் பையில் வைக்கிறேன். அவளே கொடுப்பாள். கொடுக்க மறந்தால் நீயே எடுத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் மாமனார் எல்லோரையும் ஹாலுக்கு வரச் சொன்னார். முன்னால் மேஜையில் ஃபாரம், பக்கத்தில் பேனா. கொழுந்தன், "தாத்தான்னு நீங்க கையெழுத்துப் போட்டா போதும்பா. மத்ததை டீச்சர் பாத்துப்பா" என்றான். மாமனார் ஒவ்வொருவராகக் கேட்டார். என் வீட்டுக்காரர், "எல்லாரும் சொல்றபடி" என்றார். பிறகு மாமனார் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் இரண்டே கேள்விதான். காபி ஆச்சா, மாத்திரை எங்கே.

"புள்ளைக்கு அம்மா இருக்கா மாமா. அம்மா இருக்கற புள்ளைக்கு நாம எதுக்கு ஃபாரம் எழுதறோம்?" என்றேன்.

"அண்ணி, நீங்களா இப்படிப் பேசறீங்க?" என்றாள் பெரிய நாத்தனார்.

"நான்தான்."

"அவ நம்ம ரத்தம் அண்ணி!"

"ரத்தம் எங்கயும் போயிடலை. அது அந்தப் புள்ள உடம்புலதான் இருக்கும். அவளை இங்க வெச்சுக்கிட்டா தினமும் குளிப்பாட்டுறது நான், தலை வாருறது நான், அம்மா எங்கன்னு கேட்டா பதில் சொல்லப்போறதும் நான். என்னால முடியாது. பதில் தெரியாது எனக்கு."

கொழுந்தன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். மாமனார் கையைத் தூக்கினார். "புள்ள அவளோடது. அனுப்பிடுங்க. அவ இனிமே இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன். இரண்டாவதற்கும் வாதாடியிருந்தால் முதலாவதும் போயிருக்கும். அது சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அதிலிருந்து பெரிய நாத்தனார் என்னுடன் பேசவில்லை. சமையலறையில் பாத்திரங்களோடுதான் பேசுகிறாள். என் வீட்டுக்காரர், "சொன்ன பேச்சைக் கேக்கலையே நீ" என்றார். ஆனால் இன்று காலை மிளகின் பை ஜிப் மாட்டவில்லை என்றதும் அவர்தான் உட்கார்ந்து அரை மணி நேரம் போராடினார். பையை ஒருவழியாக மூடிவிட்டார்.

உன் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். விட மாட்டார்கள் என்பது ஒரு காரணம். என் சின்னக் கொழுந்தன் நின்ற இடத்தில் இன்னொருவரைப் பார்க்க எனக்கே இன்னும் மனசு வரவில்லை என்பது இன்னொரு காரணம். அவர் நல்லவராகத்தான் இருப்பார். அடுத்த வருடம் கேள், சொல்கிறேன்.

ஜூலைக்கு அப்புறம் உனக்கும் எனக்கும் என்ன முறை என்று டீச்சர் கேட்டாள். ஓரகத்தி இல்லை, நாத்தனார் இல்லை, சம்பந்தியும் இல்லை. அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் கிடையாது என்றாள். இருக்கட்டும். நீ எப்போதும்போல அக்கா என்றே கூப்பிடு. கடிதம் எழுதக் கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கப்போவதில்லை.

மிளகு தலையில் பேன் இருக்கிறது. எந்தத் தலையிலிருந்து எந்தத் தலைக்கு வந்தது என்று இந்த வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் முதலில் அதைப் பார். கொஞ்சம் கத்துவாள், விடாதே. வேன் கிளம்பப்போகிறது.

அக்கா