புதுச் சுவர்க் கடிகாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னவள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் கால்வலி குறைந்ததா? அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் "அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு" என்பாய்.

நான் வேலை பார்க்கும் வார்டில் ஒரு பெரியவருக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அறை அமைதியானால் அவர் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்கிறது. "இனிமே பேரனோட கண்ணாமூச்சி ஆட முடியாதும்மா, காட்டிக் குடுத்துடும்" என்று சிரிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஃபோனில் பேசும்போதும் அதே சத்தம். "புதுசா வாங்கின சுவர்க் கடிகாரம்டி" என்றாய். போன மாதம் அப்பா ஃபோனுக்கே வராத பத்து நாளும், "கல்யாணத்துக்குப் போயிருக்காரு" என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயோ?

சும்மா சொல்லிவைக்கிறேன்: வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அடுத்த முறை பேசி முடித்ததும் ஃபோனை உடனே வைத்துவிடாதே. அந்தக் கடிகாரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடி. என் அறையில் வேறு சத்தமே இல்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னதும் அப்பா என்னிடம் கத்தினாரே, அப்போது உன் சுவர்க் கடிகாரம் ஏன் அம்மா அத்தனை வேகமாக ஓடியது?

உன் சின்னவள்