டாஷ்போர்டுக்கு அடியில் இருந்தது

ஐப்பசி, செவ்வாய்.

நிறுத்திவைத்தால் மூன்றே நாளில், நானும் தம்பியும் பொதுவில் ஓட்டும் காரின் பேட்டரி இறங்கிவிடுகிறது. தம்பிதான் காரில் பாட்டை அணைக்காமல் போகிறான் என்று அவன் மனைவி எதிரிலேயே திட்டியிருந்தேன். இன்று தியாகதுருகத்தில் எலக்ட்ரீஷியன் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரில் பார்த்தார். கடைசியில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு ஜி.பி.எஸ். டிராக்கரை இழுத்தார்.

“இதாங்க, வண்டி நின்னாலும் கரண்ட்ட உறிஞ்சிக்கினே கீது. யாருங்க மாட்டுனது?”

நான்தான். நிலம் பிரித்த நாளிலிருந்து தம்பியை நம்பியதில்லை. காரை எங்கே கொண்டுபோகிறான் என்று வேவு பார்க்க, அவனுக்குத் தெரியாமல் மாட்டியது.

கூட வந்து பக்கத்தில் நின்ற தம்பி சிரித்தான். “இன்னாண்ணே, கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. நான் போற கல்வராயன் மலைல டவரே கெடைக்காது, தண்டச் செலவு.”

சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

மன்னிப்புக் கேட்கத்தான் இப்போது ஃபோன் செய்தேன். எடுத்தான். பேட்டரி சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லி, ஃபோனை வைத்துவிட்டேன்.