தறிப் பக்கம் இழுத்த கேபிள்

ஆரணி,
வியாழக்கிழமை, மழை விட்ட மத்தியானம்.

அன்பு மகள் கலையரசிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் சளி இருமல் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மனை நினைத்துக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். நம் வீட்டு நெட் பெட்டி இப்போது தறி அறையில் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து உன்னிடம் எது பேசினாலும் அப்பா காதில் விழும். அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முள்ளிப்பட்டு ஆகாஷ் நாளைக்கு நார்வே திரும்புகிறான், அவனிடம் எலுமிச்சை ஊறுகாயும் வடகமும் கொடுத்தனுப்புகிறேன், அதற்கு நடுவில் இந்தக் கடிதம் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றதல்லவா, நான் வைக்கவில்லை கலை. நெட் போய்விட்டது என்று மெசேஜ் போட்டேன், நீ சரிம்மா என்று மட்டும் அனுப்பினாய், நம்பவில்லை என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. பொங்கலுக்கு டிக்கெட் போடவா வேண்டாமா என்று கேட்டுவிட்டு, "அப்பா மூஞ்சி குடுத்துப் பேசாத வூட்டுக்கு வந்து நான் இன்னாம்மா பண்ணப் போறேன்" என்றாய். அதோடு உன் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, ஒரு கண் மட்டும் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறி, ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தபடி. திரை தானாக இருண்டு போகும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குழந்தையாக இருந்தபோது தூக்கத்தில் ஏதோ சொல்ல வந்து அப்படியே நிறுத்திவிடுவாய், அது ஞாபகம் வந்தது.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் இடி விழுந்து பழைய பெட்டி போய்விட்டது என்று சொன்னேன் இல்லையா, அது தறி அறையை ஒட்டிய நடையில் இருந்தது. கேபிள்கார ஜெயச்சந்திரன் புதுப் பெட்டியும் புது ஒயரும் கொண்டுவந்து, ஒயர் அதுவரைக்கும்தான் எட்டுகிறது என்று தெருப்பக்கத்து ரூமில் மாட்டினான். நன்றாகத்தான் வேலை செய்தது. நான் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போளூர் போய்விட்டு மறுநாள் வந்து பார்த்தால், பெட்டி தறி அறையில், நூல் வைக்கிற பலகை மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்பாவைக் கேட்டேன், முன் ரூமில் சாரல் அடிக்கிறதாம், கேபிள்காரன் வந்து மாற்றிவிட்டுப் போனான் என்றார். சாரல் அடிப்பது உண்மைதான், அதனால் நானும் விட்டுவிட்டேன். அன்றிலிருந்துதான் வம்பு. மேலே இரண்டு பச்சை விளக்கு நின்று எரியும், மூன்றாவது விட்டு விட்டு எரிந்து அணையும். அணைத்துப் போட்டேன், வேறு பிளக்கில் மாட்டினேன், போனில் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்த்தேன். கேபிள் ஆபீசில் தேவகி என்று ஒரு பெண், பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நம்பரைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள், எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குதுங்கக்கா என்றாள்.

விளக்கு நிலைக்கட்டும் என்று காத்திருக்கும்போது மனசு எங்கெங்கோ போகும். இந்த ஒயர் சுவரைத் தாண்டி, கம்பத்துக்குக் கம்பம் தொங்கி, எந்தெந்த ஊர் வழியாகவோ போய்க் கடலில் இறங்கி, எங்கோ கரையேறி உன் மேஜைக்கு வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு ஒயரே இல்லை என்று எனக்கும் தெரியும், நானும் படித்தவள்தான். ஆனாலும் இங்கே லேசாக இழுத்தால் அங்கே உன் ஜன்னல் திரை அசையும் போல இருக்கும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் கவனித்தேன். அப்பா சாப்பிட எழுந்து வந்தால் மூன்றாவது விளக்கு நின்று எரிகிறது, திரும்பப் போய்த் தறியில் உட்கார்ந்தால் ஆட ஆரம்பிக்கிறது. கரண்டைச் சந்தேகப்பட முடியாது, நம்முடையது கைத்தறி. அவரிடம் சொன்னேன். பெட்டி புதுசு, பழகட்டும் என்று தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டார்.

உன் போன் அறுந்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டு, தறி அறைக்கு மாற்றும்போது ஏதோ சரியாகப் போடவில்லை நீ என்று கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். நான் வரவே இல்லீங்களேக்கா என்றான். நேற்று வந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே வாசலிலிருந்து மாடி, மாடியிலிருந்து பின்பக்கம் என்று போனான், நானும் பின்னாலேயே போனேன். தறிக்கு மேலே காற்றுக்கு விட்டிருக்கும் ஓட்டையில் ஒயர் நுழைந்து சுவரோடு இறங்கும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புப் பட்டு நூல் சுற்றியிருந்தது. அவ்வளவு நெருக்கமாக, ஒரு பிசிறு இல்லாமல். ஜெயச்சந்திரன் பிரித்துப் பார்த்தான். பழைய ஒயரில் மிச்சம் கிடந்ததை எடுத்து, தறியில் பழைய பாவு நூலின் முனையோடு புதுப் பாவைப் பிணைக்கிற மாதிரியே, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியையும் அதைச் சுற்றி முடி மாதிரி இருக்கும் வலைக் கம்பிகளையும் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைத்திருக்கிறார் உன் அப்பா. அவன் தறியில் இருந்த அப்பாவைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னாண்ணே இப்படிப் பேஜார் பண்ணி வெச்சிக்கிறீங்க. இது பாவு இல்லீங்க. உள்கம்பியில வலைக்கம்பி ஒண்ணு பட்டாவே லைன் போயிடும். நீங்க தறிப் பலகைய அடிக்கச் சொல்லோ செவுரு அதிருது, அது போய் இதும்மேல படுது" என்றான். நீங்கள் பாவைப் பிணையுங்கள், கேபிளை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒருத்தர் பிழைப்பில் ஒருத்தர் கை வைக்க வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே, முன் ரூமில் நன்றாக எடுத்த பெட்டியை எதற்கு இங்கே இழுத்தீர்கள் என்றும் கேட்டான். அப்பா நூல் நுனியையே விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். நான்தான் விடாமல் இரண்டாம் தடவை கேட்டேன். "முன்னாடி ரூம்ல வெச்சா, புள்ள பேசறது எனக்கு எங்க கேக்குது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

நினைத்துப் பார்த்தால், பழைய பெட்டி நடையில் இருந்தபோது நீ பேசுகிற நேரம் தறிச் சத்தம் நின்றுவிடும். உன் குரல் கேட்கப் பிடிக்காமல் எழுந்து போகிறார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். வந்தவாசி சம்பந்தத்தை நீ வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிய அன்று, "அவ முடிவ அவளே எடுத்துகினா, இனிமே என்னாண்ட இன்னா பேச்சு" என்று சொன்ன மனிதர் இல்லையா. போன ஞாயிறு நான் தறி அறை வாசற்படியில் போனோடு இருந்தேன், அவர் உள்ளே தறியில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார், அவர் இருப்பது உனக்குத் தெரியாது. நீ அப்பா மூஞ்சி கொடுத்துப் பேசாத வீடு என்றாய், அவர் தறிப் பலகையை இழுத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். அதில்தான் உன் முகம் நின்றது. நானும் அறுக்கவில்லை, அவரும் வேண்டுமென்று அறுக்கவில்லை. நீ சொன்னது அவ்வளவு பட்டிருக்கிறது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். உனக்குப் பட்டதும் எனக்குத் தெரியும். ஜெயச்சந்திரன் இப்போது தெருவிலிருந்து தறி அறை வரைக்கும் ஒரே நீளமாகப் புது ஒயர் இழுத்திருக்கிறான், எங்கேயும் பிணையல் கிடையாது, தறி ஓடினாலும் மூன்று விளக்கும் நின்று எரிகிறது. பெட்டியைத் திரும்ப முன்னால் கொண்டுபோகட்டுமா என்று கேட்டான், அங்கேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, இங்கே சாயங்காலம், வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. போனை அவருக்கு எதிரில் நிறுத்தி வைத்துவிட்டு நான் துணி எடுக்க மாடிக்குப் போய்விடுவேன். கேபிள் பேச்சை எடுக்காதே, நான் எழுதியதையும் சொல்லாதே. அவர் ஒன்றும் பேசாமல் இருந்தால் வைத்துவிடாமல் நீ பாட்டுக்கு உன் வேலையைச் செய்துகொண்டிரு, பார்த்துக்கொண்டிருப்பார். டிக்கெட்டை அதற்குப் பிறகு முடிவு செய், அதற்கு முன்னால் வேண்டாம்.

வடகத்தை வெயில் வரும்போது ஒரு தடவை காய வைத்துக்கொள், காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. நீ நினைத்த காரியம் கைகூடி, உடம்பும் மனசும் தெளிவாக, நூறு வருஷம் நீ வாழ வேண்டும். நேற்று விளக்கேற்றும் நேரம் அப்பா வந்து பக்கத்தில் நின்று, இங்கே இருட்டும்போது அங்கே என்ன மணி என்று கேட்டார். அங்கே இப்போதுதான் மத்தியானம் என்றேன். "அப்போ புள்ள மூஞ்சி நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்றும் உன் அன்பு அம்மா,
ரேணுகாதேவி